வெளி டேட்டாபேஸுடன் இணைப்பு கிடைக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொரு டேட்டாபேஸையோ எக்செல் கோப்பையோ தொடப்போனால் நடுவில் இரண்டுக்கும் மொழிபெயர்க்கும் ஒரு மென்பொருள், அதாவது ப்ரொவைடர், உட்கார்ந்திருக்கும். அது ஓஎல்இ டிபியாகவோ ஓடிபிசியாகவோ இருக்கலாம், ஆரக்கிள் கிளையன்டாகவும் இருக்கலாம். சிக்கல் எங்கே இருந்தாலும் பிழைச் செய்தி பெரும்பாலும் இந்த ப்ரொவைடரின் பெயரில்தான் வரும். அதனாலேயே பலர் அதையே திரும்பத் திரும்ப அழித்து நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பக்கம். விண்டோஸும் எஸ்க்யூஎல் சர்வரும் அதிகம் வரும், ஏனென்றால் கேள்விகள் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன.

பிழை வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

செய்தியைப் பிறகு படிக்கலாம். இணைப்பைத் திறப்பது எந்த நிரல், அது எந்தக் கணினியில் ஓடுகிறது, யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல்கள் இந்த மூன்றுக்கும் சரியான பதில் தெரிந்ததுமே அவிழ்ந்துவிடுகின்றன.

லிங்க்டு சர்வரை, அதாவது எஸ்க்யூஎல் சர்வருக்குள்ளிருந்தே வெளி டேட்டாபேஸைத் தொட அமைக்கும் இணைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினியில் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்து ஒரு க்வெரியை ஓட்டுகிறீர்கள். வெளி டேட்டாபேஸைத் தேடிப் போவது உங்கள் மடிக்கணினி இல்லை, எஸ்க்யூஎல் சர்வர் ஓடும் அந்த இயந்திரம். ஆகவே டிரைவர் அங்கே இருக்க வேண்டும், ஆரக்கிளின் முகவரிப் பட்டியலான டிஎன்எஸ்நேம்ஸ் (tnsnames) கோப்பும் அங்கேதான் இருக்க வேண்டும், ஃபயர்வால் திறக்க வேண்டியதும் அங்கிருந்துதான். க்வெரியில் சி டிரைவ் என்று எழுதினால் அது சர்வருடைய சி டிரைவ். "என் கணினியில் டிரைவர் இருக்கிறதே, ஏன் காணோம் என்கிறது?" என்று கேட்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ப்ரொவைடர், டிரைவர், டிஎஸ்என் மூன்றும் ஒன்றா?

இல்லை. ஓடிபிசி உலகில் டிரைவர் என்பார்கள், ஓஎல்இ டிபி உலகில் ப்ரொவைடர் என்பார்கள், வேலை ஒன்றுதான், பேசும் முறை வேறு. டிஎஸ்என் என்பது எந்த டிரைவர், எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்று எழுதி வைத்த ஒரு குறிப்பு, அவ்வளவே. டிஎஸ்என் இல்லாமல் எல்லாவற்றையும் நிரல் கொடுக்கும் இணைப்பு வரியான கனெக்ஷன் ஸ்ட்ரிங்கிலேயே எழுதிவிடலாம். சர்வரில் ஓடும் நிரல்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இயந்திரம் மாறும்போது டிஎஸ்என்னை மறந்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

"ப்ரொவைடர் இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லை" என்கிறது. ஆனால் நான் நிறுவியிருக்கிறேனே?

நிறுவியிருப்பீர்கள், சந்தேகமில்லை. 32 பிட்டா 64 பிட்டா என்பதுதான் கேள்வி. 32 பிட் நிரல் 64 பிட் டிரைவரை ஏற்றிக்கொள்ள முடியாது, மறுபக்கமும் அப்படியே. நிரலின் கண்ணுக்கு அந்த ப்ரொவைடர் இல்லவே இல்லை, ஆகவே "பதிவாகவில்லை" என்று சொல்கிறது. அது பொய்யும் இல்லை.

இதில் அதிகம் அடிபடுவது ஆக்சஸ், எக்செல் கோப்புகளைப் படிக்கும் ப்ரொவைடர்கள். பழைய ஜெட் 4.0க்கு 64 பிட் வடிவமே கிடையாது, ஆகவே 64 பிட் நிரலிலிருந்து அதைக் கூப்பிட்டால் எந்தக் காலத்திலும் வராது. அதற்கு அடுத்து வந்த ஏசிஇ ப்ரொவைடர் இரண்டு வடிவிலும் கிடைக்கிறது, ஆனால் கணினியில் 32 பிட் ஆபீஸ் இருந்தால் 64 பிட் ஏசிஇ நிறுவி முரண்டு பிடிக்கும். எஸ்க்யூஎல் சர்வர் 2016 முதல் 64 பிட்டில் மட்டுமே வருகிறது, எனவே லிங்க்டு சர்வருக்கு 64 பிட் ஏசிஇதான் வேண்டும். சர்வரில் ஆபீஸே நிறுவாமல் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

நிரல் எத்தனை பிட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பக்கத்தில் 'பிளாட்ஃபார்ம்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ 20ஆம் பதிப்பு வரை 32 பிட், 21இலிருந்துதான் 64. விஷுவல் ஸ்டுடியோவும் 2022 பதிப்பில்தான் 64 பிட்டுக்கு வந்தது. அதனால்தான் பழைய விஷுவல் ஸ்டுடியோவின் டிசைனரில் ஓடிய எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜ் (தரவை நகர்த்தும் நிரல்) சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும், அல்லது சர்வரில் ஓடுவது டிசைனரில் திறக்காது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்ட் ஜாபின் ஸ்டெப்பில் 32 பிட்டில் ஓட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது, விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் அப்ளிகேஷன் பூலிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. அவசரத்துக்கு அது கை கொடுக்கும். நிரந்தரமாகச் செய்வதென்றால் எல்லாவற்றையும் 64க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

டிஎஸ்என் உருவாக்கினேன், சோதனையும் வெற்றி. நிரல் மட்டும் "டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்" என்கிறது.

ஐஎம்002 என்ற குறியீட்டோடு வரும் செய்தி இது. இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அதே 32–64 கதை. விண்டோஸில் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் கோப்புப் பெயரும் ஒன்றே. குழப்பம் என்னவென்றால் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பதுதான் 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும், ஆனால் அப்படித்தான். 'ஐஎம்014, ஆர்க்கிடெக்சர் மிஸ்மாட்ச்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், தவறான பக்கத்தில் உருவாக்கிவிட்டீர்கள்.

இரண்டாவது, யூசர் டிஎஸ்என்னாக உருவாக்கியிருப்பீர்கள். அது உங்கள் கணக்குக்கு மட்டும்தான் தெரியும். சர்வீஸ் வேறு கணக்கில் ஓடுவதால் அதன் கண்ணில் படாது. சிஸ்டம் டிஎஸ்என்னாக உருவாக்குங்கள்.

நிரலைத் தொடாமல் இணைப்பை மட்டும் தனியாகச் சோதிக்க வழி உண்டா?

உண்டு, நிரலாளர்கள் பலரும் மறந்துபோன ஒரு நல்ல வழி. டெஸ்க்டாப்பில் ஒரு வெற்று உரைக் கோப்பை உருவாக்கி அதன் நீட்சியை யூடிஎல் என்று மாற்றுங்கள். இருமுறை சொடுக்கினால் ப்ரொவைடரைத் தேர்ந்து சர்வர் பெயர் கொடுத்து சோதிக்கும் ஒரு ஜன்னல் திறக்கும். வெற்றி பெற்றதும் சேமித்து அதே கோப்பை நோட்பேடில் திறந்தால் சரியான கனெக்ஷன் ஸ்ட்ரிங் உள்ளே எழுதியிருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டையும் சேமிக்கச் சொல்லியிருந்தால் அது வெளிப்படையாகவே உள்ளே இருக்கும், வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

சர்வருக்கு பிங் போகிறது, ஆனால் டேட்டாபேஸ் இணையவில்லை. ஏன்?

பிங் போவதற்கும் போர்ட் திறந்திருப்பதற்கும் தொடர்பில்லை. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்கு சர்வர் பெயரும் போர்ட் எண்ணும் கொடுத்து ஓட்டுங்கள். வழக்கமான எண்கள்: எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. இணைப்பைத் திறக்கும் அதே இயந்திரத்திலிருந்து சோதிக்க வேண்டும், உங்கள் மேசையிலிருந்து சோதித்தால் அது வேறு பாதையின் கதையைத்தான் சொல்லும்.

எஸ்க்யூஎல் சர்வரில் பெயரிட்ட இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு செய்த நிறுவல்) என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம். அது பொதுவாக 1433இல் கேட்காது, தொடங்கும்போது தானே ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். எந்த போர்ட் என்று சொல்வது பிரவுசர் என்ற தனி சர்வீஸ், அது யூடிபி 1434இல் இருக்கிறது. அந்த சர்வீஸ் நின்றிருந்தாலோ ஃபயர்வால் யூடிபியைத் தடுத்தாலோ இன்ஸ்டன்ஸ் பெயரை வைத்து இணைய முடியாது. போர்ட்டை நிலையாக வைத்து, சர்வர் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு எண்ணை எழுதுவதே நிம்மதி. காற்புள்ளிதான், முக்காற்புள்ளி அல்ல. இந்த ஒரு எழுத்தில் பலர் நாள்கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ், டெவலப்பர் பதிப்புகளில் டிசிபி/ஐபி ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆரக்கிள் ஓஆர்ஏ-12154 என்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

நீங்கள் கொடுத்த பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். டேட்டாபேஸை அது இன்னும் நெருங்கவே இல்லை, ஆகவே பாஸ்வேர்டையோ ஃபயர்வாலையோ இப்போது பார்க்க வேண்டாம். டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பைத் தேடுங்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று ஆரக்கிள் கிளையன்ட் இருந்து, நீங்கள் திருத்துவது ஒன்று, நிரல் படிப்பது இன்னொன்று என்று ஆவது மிகச் சாதாரணம். டிஎன்எஸ்_அட்மின் என்ற சூழல் மாறியை வைத்து எல்லோரையும் ஒரே ஃபோல்டரைப் பார்க்க வைத்துவிடலாம், அப்புறம் சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய மதிப்பிலேயே ஓடும். நோட்பேட் கோப்புப் பெயருக்குப் பின்னால் ரகசியமாக டிஎக்ஸ்டி நீட்சியைச் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண் மாறினால் இடமும் மாறுகிறது. 12541 என்றால் இயந்திரம் வரை போய்விட்டது, அங்கே இணைப்புகளை வரவேற்கும் லிசனர் இல்லை. 12514 என்றால் லிசனர் இருக்கிறது, நீங்கள் கேட்ட சர்வீஸ் பெயர் அதற்குத் தெரியாது. 12505 அதே விஷயம், டேட்டாபேஸின் பழைய பாணி அடையாளமான எஸ்ஐடியைப் பற்றியது. 12170 காலாவதி, பெரும்பாலும் ஃபயர்வால். 1017 வந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், பாதை முழுக்கச் சரி, பயனர் பெயரோ பாஸ்வேர்டோ மட்டும்தான் தவறு. 28040 என்பது பழைய கிளையன்ட் புதிய சர்வரோடு பேச முயலும்போது வருவது, கிளையன்ட்டைப் புதுப்பிப்பதுதான் சரியான தீர்வு. டிஎன்எஸ்பிங் என்ற ஆரக்கிளின் சோதனைக் கட்டளை வெற்றி என்பதை மட்டும் நம்பாதீர்கள், அது லிசனர் வரை போய்த் திரும்பிவிடுகிறது, டேட்டாபேஸ் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவு ஜாப் மட்டும் தோற்கிறது.

கையால் ஓட்டும்போது ஓடுவது உங்கள் கணக்கு, இரவில் ஓடுவது ஏஜென்ட்டின் கணக்கு. எக்செல், சிஎஸ்வி கோப்புகள் என்றால் இசட் டிரைவ், எக்ஸ் டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பீர்கள். அந்த டிரைவ் எழுத்துகள் நீங்கள் உள்நுழைந்த அமர்வுக்கு மட்டுமே சொந்தம், சர்வீஸுக்கு அப்படி ஒரு டிரைவே கிடையாது. சர்வர் பெயரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை எழுதுங்கள், அந்தப் பகிர்வில் சர்வீஸ் கணக்குக்கு அனுமதியும் கொடுங்கள். பகிர்வு அனுமதி வேறு, கோப்பு அனுமதி வேறு, இரண்டும் வேண்டும்.

"கோப்பை வேறொருவர் தனியாகத் திறந்திருக்கிறார், அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற ஏசிஇயின் செய்தி இங்கே நிறைய வரும். யாரும் திறந்திருக்கவில்லை என்றால் பின்பாதிதான் உண்மை. சில நேரம் கோப்புக்கு அனுமதி இருந்தும் சர்வீஸ் கணக்கின் டெம்ப் ஃபோல்டருக்கு எழுதும் அனுமதி இல்லாததால் தோற்கும். ஒருமுறை இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, செய்தியில் டெம்ப் ஃபோல்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அனானிமஸ் லாகான்" என்ற பெயரில் லாகின் தோற்றதாக வருகிறது. அப்படி யாரையும் நான் அனுப்பவில்லையே?

இரட்டைத் தாவல் என்று சொல்லும் சிக்கல் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் உங்கள் விண்டோஸ் கணக்கோடு முதல் சர்வருக்கு வருகிறீர்கள், அது ஒரு தாவல். அந்த சர்வர் உங்கள் சார்பில் இரண்டாவது சர்வருக்குப் போக வேண்டும், அது இரண்டாவது தாவல். என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் அடையாளச் சோதனை முறையில் முதல் சர்வரிடம் உங்களை நிரூபித்தீர்களே தவிர, வேறெங்கும் உங்களாகப் போய் நிற்கும் அதிகாரம் அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே அது பெயரில்லாமல் போய் நிற்கிறது. இரண்டாவது சர்வர் விரட்டிவிடுகிறது. முதல் சர்வரிலேயே நேரடியாக உட்கார்ந்து ஓட்டினால் இது வராது, அங்கே ஒரு தாவல்தானே இருக்கிறது.

விண்டோஸ் கணக்கை வைத்தே தீர்க்க வேண்டுமானால், உங்கள் சார்பில் அடுத்த சர்வருக்குப் போக இடம் தரும் கெர்பராஸ் முறை வேண்டும். சிஸ்.டிஎம்_எக்ஸெக்_கனெக்ஷன்ஸ் காட்சியில் ஆத்_ஸ்கீம் நெடுவரிசையைப் பாருங்கள், என்டிஎல்எம் என்று இருந்தால் கெர்பராஸ் அமையவில்லை. காரணம் பெரும்பாலும் எஸ்பிஎன், அதாவது டொமைனில் ஒரு சர்வீஸுக்குப் பதிவு செய்யும் பெயர். எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடும் கணக்கின் மீது அது பதிவாகியிருக்க வேண்டும், சர்வீஸ் கணக்கை மாற்றியபோது பழைய கணக்கிலேயே தங்கிவிட்டிருக்கும். செட்எஸ்பிஎன் கட்டளையில் எல் போட்டால் ஒரு கணக்கின் பட்டியல், எக்ஸ் போட்டால் இரண்டு இடத்தில் பதிவானவை. இரட்டைப் பதிவும் இல்லாத பதிவும் ஒரே மாதிரி கெடுதல். அது சரியானதும் முதல் சர்வரின் சர்வீஸ் கணக்குக்கு டெலிகேஷன் உரிமை (மற்றவர் சார்பில் போகும் உரிமை) தர வேண்டும், "இந்தக் கணக்கை டெலிகேட் செய்யக் கூடாது" என்ற குறி உங்கள் கணக்கில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிர்வாகிகளின் கணக்கில் அது இருப்பது வழக்கம், அதனால் மற்றவர்களுக்கு ஓடி நிர்வாகிக்கு மட்டும் ஓடாத விசித்திரமும் நடக்கும்.

டொமைன் நிர்வாகியின் உதவி கிடைக்காதபோது, லிங்க்டு சர்வரில் குறைந்த அனுமதியுள்ள ஒரு எஸ்க்யூஎல் லாகினை இணைத்துவிடலாம். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிர்வாகி லாகினைப் போட்டுவிடாதீர்கள், முதல் சர்வரில் நுழையும் யாரும் இரண்டாவதில் நிர்வாகி ஆகிவிடுவார்கள். லாகின் இணைப்பு வரையறுக்காதவர்களுக்கு 7416 என்ற பிழை வரும், அது வருவது நல்லதே.

லிங்க்டு சர்வரில் எஸ்க்யூஎல் சர்வர் தரும் 7302, 7303, 7399 பிழைகளில் எதை நம்புவது?

7302 என்றால் ப்ரொவைடரையே தொடங்க முடியவில்லை. நிறுவல், பிட், அல்லது அனுமதி. ஆரக்கிள் ப்ரொவைடருக்கு 'அலவ் இன்ப்ராசஸ்' தேர்வை இயக்கினால் பல நேரம் சரியாகும். 7303 என்றால் ப்ரொவைடர் எழுந்துவிட்டது, ஆனால் மறுமுனையைத் திறக்க முடியவில்லை. முகவரி, பாஸ்வேர்ட், கோப்பு அனுமதி எதுவும் இருக்கலாம். 7399 தனியாக எதையும் சொல்லாது, அதோடு வரும் இன்னொரு வரியைப் படிக்க வேண்டும். லிங்க்டு சர்வர் இல்லாமல் க்வெரியிலேயே வெளித் தரவைப் படிக்கும் ஓபன்ரோசெட் எழுதி 15281 வந்தால் அது பழுது அல்ல, அந்த வசதி சர்வரில் அணைக்கப்பட்டிருக்கிறது.

டிரைவரைப் புதுப்பித்தேன், நேற்று வரை ஓடியது இன்று சான்றிதழை நம்பவில்லை என்கிறது.

எஸ்க்யூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவர் 18, 2022இல் வந்தது. அதிலிருந்து மறையாக்கம் கட்டாய இயல்பாகிவிட்டது. ஓஎல்இ டிபி டிரைவர் 19இலும் மைக்ரோசாஃப்ட்.டேட்டா.எஸ்க்யூஎல்கிளையன்ட் 4.0இலும் அதே மாற்றம். சர்வரில் தானாக உருவாக்கிக்கொண்ட சான்றிதழ் மட்டும் இருந்தால் டிரைவர் அதை நம்ப மறுக்கிறது. 'டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' என்று கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் சேர்த்தால் ஓடிவிடும், இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்போது தரவு மறைக்கப்பட்டுப் போகிறதே தவிர, மறுமுனையில் இருப்பது உண்மையில் உங்கள் சர்வர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. சோதனைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான தரவு ஓடும் இடத்தில் சரியான சான்றிதழை நிறுவுங்கள், அதில் இருக்கும் பெயரும் நீங்கள் இணையும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஐபி முகவரியை வைத்து இணைபவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

பழைய எஸ்க்யூஎல் நேட்டிவ் கிளையன்ட்டை நம்பியிருக்கும் லிங்க்டு சர்வர்கள் இருந்தால், எஸ்க்யூஎல் சர்வர் 2022இல் அது சேர்ந்து வருவதில்லை என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் பக்கம்?

போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே உள்ளூர் இணைப்பை மட்டும் கேட்கும். எந்த முகவரியில் கேட்பது என்ற லிசன்_அட்ரஸஸ் அமைப்பை மாற்றினால் மறுதொடக்கம் வேண்டும், யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பை மாற்றினால் ரீலோட் போதும். அந்தக் கோப்பில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரிதான் செல்லும், கீழே எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. "ஆதென்டிகேஷன் டைப் 10 ஆதரவில்லை" என்றால் டிரைவர் பழையது: 14ஆம் பதிப்பிலிருந்து இயல்பான பாஸ்வேர்ட் முறை ஸ்க்ராம் என்ற புதிய முறைக்கு மாறிவிட்டது.

மைஎஸ்க்யூஎல் 8.0இலும் இதே மாதிரி மாற்றம், கேஷிங்_ஷா2_பாஸ்வேர்ட் என்ற பாஸ்வேர்ட் முறை இயல்பானது, பழைய கனெக்டர்கள் திணறும். அங்கே பயனர் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரும் வரும் இடமும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டுக்கு உருவாக்கிய பயனர் வேறு கணினியிலிருந்து வந்தால் வேறு ஆள். 1130 வந்தால் அந்த இடத்திலிருந்து யாருக்கும் அனுமதியில்லை, 1045 வந்தால் பெயர், இடம், பாஸ்வேர்ட் சேர்க்கை பொருந்தவில்லை. பாஸ்வேர்டில் அரைப்புள்ளியோ அட் குறியோ இருந்தால் கனெக்ஷன் ஸ்ட்ரிங் நடுவில் உடைந்துபோகும், அதையும் பாருங்கள்.

எக்செல் இணைகிறது, ஆனால் சில கட்டங்கள் காலியாக வருகின்றன.

ப்ரொவைடர் முதல் 8 வரிகளைப் பார்த்து நெடுவரிசை எண்ணா எழுத்தா என்று ஊகிக்கிறது. எண் என்று முடிவு செய்துவிட்டால் கீழே வரும் எழுத்துகள் காலியாகிவிடும், பிழை எதுவும் சொல்லாமல். எனக்கு இதுதான் மிகவும் ஆபத்தாகத் தெரிகிறது, இணைப்பு தோற்றால் தெரிந்துவிடும், தரவு அமைதியாகக் காணாமல் போனால் யாருக்குத் தெரியும்? கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் ஐமெக்ஸ்=1 சேர்த்தால், அந்த 8 வரிகளுக்குள் இரண்டு வகையும் கலந்திருக்கும்போது எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். முதல் 8 வரிகளும் எண்ணாகவே இருந்தால் அதுவும் போதாது, ரெஜிஸ்ட்ரியில் டைப்கெஸ்ரோஸ் மதிப்பை மாற்ற வேண்டும். முடிந்தால் சிஎஸ்வியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இணைகிறது, ஆனால் நேரம் கடந்து அறுந்துவிடுகிறது.

எந்த நேரம் என்று பிரியுங்கள். டாட்நெட்டில் இணைப்பைத் திறக்க 15 விநாடி, கட்டளை முடிய 30 விநாடி இயல்பு. இணைப்பு நேரம் கடந்தால் நெட்வொர்க், கட்டளை நேரம் கடந்தால் க்வெரி. பூலிலிருந்து (திரும்பப் பயன்படுத்த வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பிலிருந்து) இணைப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் நிரல் திறந்த இணைப்புகளை மூடாமல் விட்டிருக்கிறது, இயல்பு வரம்பு 100. வரம்பைக் கூட்டாதீர்கள், மூடாத இடத்தைத் தேடுங்கள். லிங்க்டு சர்வரில் நான்கு பகுதிப் பெயரோடு (சர்வர், டேட்டாபேஸ், ஸ்கீமா, அட்டவணை) எழுதிய க்வெரி சில நேரம் முழு அட்டவணையையும் இழுத்து வந்து இங்கே வடிகட்டும். க்வெரியை அப்படியே மறுமுனைக்கு அனுப்பும் ஓபன்க்வெரிக்கு மாற்றினால் வடிகட்டும் வேலை அங்கேயே முடியும்.

டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்ததும் 7391 வருகிறது.

இரண்டு இயந்திரங்களிலும், பல சர்வர்களில் பரவும் டிரான்ஸாக்ஷனை ஒருங்கிணைக்கும் விண்டோஸ் சர்வீஸான டிடிசிக்கு நெட்வொர்க் அனுமதி வேண்டும், உள்ளே வருவதும் வெளியே போவதும். போர்ட் 135 திறந்தால் மட்டும் போதாது, ஆர்பிசி எடுத்துக்கொள்ளும் மேல் வரிசை போர்ட்களும் திறக்க வேண்டும், அந்த வரிசை இயல்பாக 49152 முதல் 65535 வரை. இரண்டும் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே விர்ச்சுவல் இயந்திரத்தை நகலெடுத்து உருவாக்கியவை என்றால் இரண்டுக்கும் டிடிசி அடையாளம் ஒன்றாகவே இருக்கும், டிடிசியை நீக்கி மீண்டும் நிறுவினால் சரியாகும். ரிமோட் ப்ரொசீஜரின் முடிவை இன்செர்ட் எக்ஸெக் மூலம் அட்டவணையில் போடும்போதும், நீங்கள் கேட்காமலேயே டிரான்ஸாக்ஷன் தொடங்கும்.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை. உதவி கேட்கும்போது என்ன தர வேண்டும்?

பிழையின் முழு உரையும் எண்ணும், கடைசி வரி மட்டுமல்ல. நிரல் எத்தனை பிட், டிரைவரின் பெயரும் பதிப்பும், இரு முனைகளின் பதிப்பு, எந்தக் கணக்கில் ஓடுகிறது, அதே கணக்கில் அதே இயந்திரத்திலிருந்து யூடிஎல்லும் போர்ட் சோதனையும் என்ன சொன்னது, கடைசியாக எப்போது ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாறியது. கனெக்ஷன் ஸ்ட்ரிங்கையும் கொடுங்கள், பாஸ்வேர்டை எடுத்துவிட்டு. ஏற்கெனவே எங்காவது பாஸ்வேர்டோடு ஒட்டிவிட்டீர்கள் என்றால் பதிவை அழிப்பதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.